வெப் டிசைன் கற்க எந்த சாஃப்ட்வேர் வாங்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: பி.காம். முடித்தாயிற்று. வெப் டிசைன் கற்று வேலைக்குப் போகவோ, சொந்தமாகச் சின்னச் சின்ன ஆர்டர் பிடிக்கவோ ஆசை. ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் கொடுத்த நோட்டீஸில் போட்டோஷாப், கோரல்டிரா, டிரீம்வீவர், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், வேர்ட்பிரஸ் என்று ஏழு பெயர்கள், ஆறு மாத கோர்ஸ். கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். இதில் எதை முதலில் படிப்பது, எந்த சாஃப்ட்வேரை வாங்குவது, கோடிங் இல்லாமல் ஒப்பேற்ற முடியுமா, படம் வரைய வராதே, பரவாயில்லையா?

வாங்க வேண்டியது எதுவும் இல்லை. ஒரு பிரவுசரும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரும் போதும், இரண்டும் இலவசம். இந்த முடிவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். எந்த எடிட்டர் நல்லது, எந்த கோர்ஸ் நல்லது என்று வீடியோ பார்த்தே மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தில் இரண்டு பக்கங்களை எழுதி முடித்து இணையத்தில் ஏற்றியிருக்கலாம்.

நோட்டீஸில் உள்ள ஏழும் ஒரே ரகம் இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் பிரவுசருக்குப் புரிகிற மொழிகள். முதலாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும், இரண்டாவது அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும், மூன்றாவது அதை இயங்க வைக்கும். மற்ற நான்கும் யாரோ ஒரு கம்பெனியோ குழுவோ செய்து தருகிற கருவிகள். மொழிகளுக்கு ஆயுள் அதிகம். கருவிகள் வரும், போகும். பக்கம் கட்ட ஃப்ரன்ட்பேஜ் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு கருவியை வைத்திருந்தது, இப்போது அதன் பெயரே பலருக்குத் தெரியாது. பக்கத்தில் அசையும் படங்கள் செய்யும் ஃபிளாஷ் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் ஒரு தலைமுறையே இருந்தார்கள், 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி அதை மூடிவிட்டது. அதே அடோபியின் ஃபயர்வொர்க்ஸ், மியூஸ், பிராக்கெட்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கிட்ஹப் செய்த ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரில் நின்றது. பக்கத்தின் டிசைனை வரைந்து பார்க்கும் ஃபிக்மாவுக்குப் போட்டியாக வந்த அடோபி எக்ஸ்டியில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் இணையத் தளத்தைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1991-ல் வைத்த முதல் இணையப் பக்கத்தின் பழைய நகல் ஒன்று இன்று உங்கள் போனில் திறந்தாலும் ஒழுங்காகத் தெரியும். அதில் உள்ள தலைப்பும் லிங்க்கும் நீங்கள் நாளைக்கு எழுதப்போகும் அதே எச்டிஎம்எல்தான்.

கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். போட்டோஷாப்பில் முழுப் பக்கத்தையும் படமாக வரைந்து, துண்டு துண்டாக வெட்டி, அதை எச்டிஎம்எல்-ஆக மாற்றுவது 2000-களின் வழக்கம். அப்போது எல்லார் திரையும் ஏறக்குறைய ஒரே அகலம். இன்று அப்படி யாரும் செய்வதில்லை. போட்டோவை வெட்டி, சுருக்கி, வெளிச்சம் சரிசெய்ய ஒரு கருவி வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஜிம்ப் போதும். பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ இன்னும் சுலபம், போட்டோஷாப் ஃபைலையும் திறக்கும். கோரல்டிரா அச்சு வேலைக்கானது. அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ் பேனர் போடுகிற கடையில் வேலை வேண்டுமென்றால் அதைப் படியுங்கள், நல்ல பிழைப்புதான். வெப் டிசைனுக்கு அது தேவையில்லை. லோகோவோ ஐகானோ வரைய வேண்டி வந்தால் இன்க்ஸ்கேப் இருக்கிறது. கண்ணால் பார்த்தபடியே பக்கம் கட்ட உதவும் டிரீம்வீவர் 1997-ல் வந்தபோது பெரிய விஷயம். இன்று புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் அதைத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. சைட்டை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சென்டரில் சேரவே கூடாது என்று சொல்லவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்கு, நேரத்துக்குப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். ஃபீஸ் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். போன வருஷம் படித்த மாணவர்கள் செய்து, இப்போது இணையத்தில் இருக்கிற பக்கங்களின் முகவரி கொடுப்பார்களா? பாடம் நடத்துகிறவர் கடைசியாக எந்த சைட்டைச் செய்து முடித்தார், அதைக் காட்டுவாரா? முதல் கேள்விக்குச் சான்றிதழைக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தமிழில் படிக்க வேண்டுமென்றால் கணியம் அறக்கட்டளை இலவசமாக வெளியிடும் கணிநுட்ப மின்னூல்களைப் பாருங்கள், யூடியூபிலும் தமிழில் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு டேக்குக்கோ (எச்டிஎம்எல்லின் குறிச்சொல்) சிஎஸ்எஸ் வரிக்கோ சரியான விவரம் தேடும்போது மொசில்லாவின் எம்டிஎன் தளத்துக்குப் போகப் பழகுங்கள். ஆங்கிலம்தான், எளிமையான ஆங்கிலம். ஒரு மாதத்தில் கை வந்துவிடும்.

எடிட்டருக்கு விஎஸ் கோட். 2015-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, வேலைக்குப் போகிற இடத்திலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 4 ஜிபி ராமில் ஓடும். கூடவே குரோமில் இருபது டேப் திறந்து வைத்தால்தான் திணறும். அப்போதும் மெதுவாக இருந்தால் நோட்பேட் பிளஸ் பிளஸ் போடுங்கள், குறைச்சல் ஒன்றும் இல்லை. விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன்கள் இரண்டு போதும்: சேமித்தவுடன் பிரவுசரைப் புதுப்பிக்கும் லைவ் சர்வர், கோடை ஒழுங்காக அடுக்கித் தரும் பிரிட்டியர். இருபது எக்ஸ்டென்ஷன் போடச் சொல்லும் வீடியோவை அப்படியே மூடிவிடுங்கள்.

இனிப் படிப்பு. ஒரு உண்மையான கடையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் சாப்பிடுகிற மெஸ் என்று வைத்துக்கொள்வோம். பெயர், எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும், சாப்பாடு என்ன விலை, பார்சல் உண்டா, போன் நம்பர். ஒரே பக்கம். இதைக் கற்பனையாகச் செய்யாதீர்கள். நேரில் போய் விலைப்பட்டியலை எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியாணி, வெள்ளிக்கிழமை அசைவம் கிடையாது, வியாழன் மதியத்தோடு சரி என்று நிஜ விவரங்கள் வரும்போதுதான் எதை மேலே வைப்பது, எதை அட்டவணையாகப் போடுவது என்ற கேள்வியே எழும். அந்தக் கேள்விதான் டிசைன்.

விஎஸ் கோடில் புது எச்டிஎம்எல் ஃபைல் திறந்து, ஓர் ஆச்சரியக்குறி போட்டு டேப் அழுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு வரியில் ஓர் எலும்புக்கூடு வந்து விழும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே கீழே இறங்கிவிடுகிறார்கள். அதில் மூன்று வரிகளை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மேலே மொழி என்ன என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலத்துக்கான குறி இருக்கும். உங்கள் பக்கம் தமிழ் என்றால் அதை டிஏ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். அடுத்தது, எழுத்துகளை எந்த முறையில் படிப்பது என்று பிரவுசருக்குச் சொல்லும் யுடிஎஃப்-8 வரி. அதை எடுத்துவிட்டால், ‘சாப்பாடு’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் மேலே கோடு போட்ட ரோமன் எழுத்துகளும் விநோதக் குறிகளுமாகக் கிறுக்கல் தெரிய வாய்ப்பு உண்டு. மூன்றாவது, திரையின் அகலத்தைச் சொல்லும் வியூபோர்ட் வரி. அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலக் கம்ப்யூட்டர் பக்கமாக நினைத்துக்கொண்டு, மொத்தத்தையும் சுருக்கிச் சின்னத் திரைக்குள் திணிக்கும். எழுத்தெல்லாம் எறும்பு சைஸுக்குப் போய்விடும். அந்த வரியை அழித்துவிட்டு ஒரு தடவை போனில் திறந்து பாருங்கள், அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது.

போனில் திறப்பது எப்படி என்றால், லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். லைவ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி முகவரியைப் போட்டு, பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைத்து 5500 என்ற போர்ட் எண்ணையும் போடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் அனுமதி கொடுங்கள். மெஸ்ஸைத் தேடி வருகிறவர் போனில்தான் வருவார். ஆகவே முதலில் போனில் சரியாக வரட்டும், லேப்டாப் திரை அப்புறம்.

எச்டிஎம்எல் எழுதும்போது நிறத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது அட்டவணை என்று சரியாகப் பெயர் சொல்வதுதான் அந்த மொழியின் வேலை. மெஸ்ஸின் பெயர் எச்1, அதாவது முதன்மைத் தலைப்பு. விலைப்பட்டியல் டேபிள். போன் நம்பரை வெறும் எழுத்தாகப் போடாமல், டெல் என்று தொடங்கும் லிங்க்காகப் போட்டால் தொட்டவுடன் போன் அழைப்புக்குப் போகும். சின்ன விஷயம். ஆனால் மெஸ்காரர் அதைத்தான் முதலில் பாராட்டுவார். எல்லாவற்றையும் டிவ் டிவ் என்று, எது என்று பெயர் சொல்லாத வெறும் பெட்டிகளாக எழுதிவிட்டு சிஎஸ்எஸ்ஸில் அலங்காரம் செய்வது இப்போதைய கெட்ட பழக்கம். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஆண்ட்ராய்டு போனில் உள்ள ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை ஆன் செய்து கேட்டுப் பாருங்கள், டேபிளாக எழுதியதற்கும் டிவ்வாக எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் காதில் விழும். தமிழிலும் வாசிக்கும்.

சிஎஸ்எஸ்ஸில்தான் பலர் மலைத்துப்போகிறார்கள். ‘நான் சொன்னது ஒன்று, அது செய்வது ஒன்று’ என்று அலுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது சொன்னதைத்தான் செய்கிறது. மெஸ்ஸின் விலைப்பட்டியலைச் சுற்றி ஒரு பெட்டி போடுகிறீர்கள். அகலம் 100 சதவீதம், உள்ளே நான்கு பக்கமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), 1 பிக்சல் பார்டர் (ஓரக்கோடு). 360 பிக்சல் அகலப் போனில் திறந்தால் பக்கம் இடமும் வலமும் ஆடுகிறது. ஏன்? எஃப்12 அழுத்தி, பக்கத்தின் உள்ளே இருப்பதைக் காட்டும் பிரவுசரின் டெவ்டூல்ஸைத் திறந்து, அந்தப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். பிரவுசர் தானாகவே பக்கத்தின் இரண்டு ஓரத்திலும் 8 பிக்சல் விடுகிறது. மிச்சம் 344. உங்கள் 100 சதவீதம் அந்த 344. அதற்கு மேல் பேடிங் இரண்டு பக்கமும் சேர்த்து 40, பார்டர் 2. மொத்தம் 386. 344-க்குள் 386 எப்படி அடங்கும்? பாக்ஸ்-சைசிங் என்ற பண்புக்கு பார்டர்-பாக்ஸ் என்று கொடுத்தால் பேடிங்கும் பார்டரும் அந்த 344-க்குள்ளேயே போய்விடும், ஆட்டம் நிற்கும். அனுபவசாலிகள் எல்லா சிஎஸ்எஸ் ஃபைலிலும் முதல் வரியாக இதைப் போடுவது இதனால்தான். மனப்பாடம் செய்தவருக்கு இது ஒரு மந்திரம். கணக்குப் போட்டுப் பார்த்தவர் அடுத்த முறை வேறெங்காவது பக்கம் ஆடினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால்தான் டெவ்டூல்ஸை எடிட்டருக்கும் மேலே வைப்பேன். எந்த சைட்டையும் திறந்து, பிடித்த பகுதியை அதில் தொட்டு, ஒவ்வொரு சிஎஸ்எஸ் வரியின் டிக்கையும் எடுத்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். எது போனால் எது சரிகிறது என்று தெரியும். பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி வந்துவிடும், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. வரிசையாக அடுக்க ஃபிளெக்ஸ்பாக்ஸ், கட்டம் கட்டமாகப் பிரிக்க கிரிட். இவை இரண்டும் தெளிவானால் பக்க அமைப்பில் முக்கால்வாசி முடிந்தது. கிரிட் 2017-ல்தான் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்தது. எனவே அதற்கு முந்தைய பாடங்களில் ஃப்ளோட் என்ற பழைய பண்பை வைத்து வித்தை காட்டுவார்கள், அதைத் தாண்டிப் போங்கள். பூட்ஸ்டிராப், டெயில்விண்ட் என்று ரெடிமேட் சிஎஸ்எஸ் தொகுப்புகள் எல்லாம் அப்புறம். சிஎஸ்எஸ் தெரிந்தவருக்கு அவை ஒரு வாரம். தெரியாதவருக்கு ஆறு மாதமானாலும் பிடிபடாது.

இனி ஆங்கிலப் பாடங்களில் வராத ஒன்று. தமிழில் பக்கம் செய்வது தனித் திறமை. நம்மூர் கடைகள், பள்ளிகள், கோயில்கள் என்று ஆர்டர் பிடிக்கப்போகிறவருக்கு இதுதான் கைமுதல். முதல் மாதத்திலிருந்தே ஆங்கில நிரப்பு வரிகளை வைத்து டிசைன் செய்யாமல் தமிழ் வரிகளை வைத்தே செய்யுங்கள். ‘சப்மிட்’ என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு அளந்து வைத்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டால் இரண்டு வரியாக மடங்கும், இல்லை வெளியே வழியும். பட்டனுக்கு அகலத்தைக் கட்டிப்போடாமல் பேடிங் மட்டும் கொடுங்கள், சொல்லுக்குத் தக்கபடி அது விரியும். ‘அனுப்பு’ என்று எழுதினால் பிரச்சினையே இல்லை. சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் டிசைனரின் வேலைதான்.

வரி இடைவெளி அடுத்தது. ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தின் அளவைப் போல 1.2 மடங்கு என்று கொடுப்பார்கள். தமிழில் மேலே கொக்கியும் புள்ளியும், கீழே கூட்டு, மூட்டு, ஸ்ரீ என்று இறங்குகிற சுழிகளும் உண்டு. 1.2 கொடுத்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். பத்திகளுக்கு 1.6 முதல் 1.8 வரை கொடுத்துப் பாருங்கள், கண் ஆறுதலாக ஓடும். சாய்வெழுத்து கொடுக்காதீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது, பிரவுசர் நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் சிஎஸ்எஸ் வரி தமிழில் எதுவும் செய்யாது, தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து இல்லையே. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுகிற ஃபேஷனும் தமிழ்ச் சொல்லின் கட்டுக்கோப்பைக் குலைக்கும்.

எழுத்துரு கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ் நான்கையும் ஒரே பத்திக்குக் கொடுத்து, போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அளவு கொடுத்தும் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரியும். பலூ தம்பி மாதிரி குண்டு எழுத்து தலைப்புக்கு நன்றாக இருக்கும், பத்திக்கு ஒத்துவராது. ஒரு பக்கத்துக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். எழுத்துரு எதுவும் கொடுக்காவிட்டாலும் தமிழ் தெரியும். விண்டோஸில் நிர்மலா, ஆப்பிள் கம்ப்யூட்டரில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ என்று அந்தந்த மெஷினில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் லேப்டாப்பில் பார்த்த அதே பக்கம் இன்னொருவர் கையில் வேறு மாதிரி இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான ஆர்டர் வந்தால் இன்னொரு தலைவலியும் வரும். கிளையன்ட் ‘மேட்டர்’ என்று கொடுப்பது டிடிபி கடையில் பேஜ்மேக்கரில் அடித்த ஃபைலாக இருக்கும். காப்பி செய்து உங்கள் பக்கத்தில் ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் வந்து விழும். பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது தமிழே அல்ல. அந்த எழுத்துருவைப் பக்கத்தில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். கூகுளில் தேடினால் கிடைக்காது, போனில் காப்பி செய்தால் குப்பை வரும். எல்லா மெஷினிலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் இலவச கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை வரி வரியாகப் படித்துப் பாருங்கள், எண்களும் நிறுத்தக்குறிகளும் இடம் மாறியிருக்கும். இந்த வேலைக்குத் தனியாகக் காசு கேட்கலாம், கேளுங்கள்.

படங்களைப் பற்றி ஒரே ஒரு பழக்கம். மெஸ்ஸின் போட்டோவை போனில் எடுத்தால் 4000 பிக்சல் அகலம், நாலைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே பக்கத்தில் போட்டு, 360 பிக்சல் திரையில் சுருக்கிக் காட்டினாலும் முழு ஃபைலும் இறங்கத்தான் செய்யும். பார்க்கிறவர் டேட்டா போகும், பக்கம் திறக்கத் தாமதமாகும். அகலத்தை 1200-க்குக் குறைத்து வெப்பி வடிவத்தில் சேமித்தால் 200 கேபிக்குள் வந்துவிடும். ஸ்கூஷ் என்ற தளத்தில் பிரவுசரிலேயே செய்யலாம், இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது என்று நடுக்கோட்டை நகர்த்தி ஒப்பிட்டும் பார்க்கலாம்.

படம் வரைய வராது என்று கவலைப்பட்டீர்கள். வெப் டிசைனருக்கு வரைகிற கை வேண்டியதில்லை, அளக்கிற கண் வேண்டும். எது பெரிது, எது சிறிது, எதற்கு நடுவே எவ்வளவு இடம் என்பதுதான் முக்கால்வாசி வேலை. ஃபிளெக்ஸ் பேனர் பார்த்து வளர்ந்த நமக்கு வெற்றிடத்தைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும், அதில் ஒரு பூவாவது வைத்துவிட வேண்டும் என்று தோன்றும். அந்தக் கையைக் கட்டிப்போடப் பழகினாலே பாதி டிசைனர். நிறத்துக்கு ருசியை நம்ப வேண்டாம், அளவு இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று டபிள்யூசிஏஜி என்ற அணுகல் விதிமுறை சொல்கிறது. வெள்ளையில் 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் நிறம் நாகரிகமாகத் தெரியும், ஆனால் அது 3-க்கும் கீழே, வெயிலில் நின்று போனைப் பார்த்தால் எழுத்தே தெரியாது. 777777 மயிரிழையில் தவறும், 767676 தேறிவிடும். பேனர்காரர்களின் செல்லமான மஞ்சள் மேல் சிவப்பு வெறும் 3.7, பெரிய தலைப்புக்குச் சரி, பத்திக்கு ஆகாது. டெவ்டூல்ஸில் நிறக் கட்டத்தைத் தொட்டாலே இந்த எண்ணைக் காட்டும்.

ஃபிக்மா எப்போது? மெஸ் பக்கம் மாதிரி இரண்டு மூன்று பக்கங்களைக் கையால் எழுதிய பிறகு. அதற்கு முன் போனால், கோடில் எப்படி வரும் என்றே தெரியாத அழகான படங்களை வரைந்துகொண்டிருப்பீர்கள். வேலைக்குப் போவதென்றால் ஃபிக்மா அவசியம், கம்பெனிகளில் டிசைன் கைமாறுவது பெரும்பாலும் அதில்தான். 2022-ல் அடோபி அதை 2000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்து, மறு வருஷம் டிசம்பரில் கைவிட்டது, அவ்வளவு பெரிய புள்ளி. இலவசக் கணக்கிலேயே கற்றுக்கொள்ளலாம். பிரவுசரில் ஓடும் என்பதால் உங்கள் 4 ஜிபி லேப்டாப் இங்கேதான் முதன்முதலாக மூச்சு வாங்கும். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால், அந்த மாடலில் கூடுதல் ராம் போட முடியுமா என்று சர்வீஸ் கடையில் கேட்டு 8 ஜிபி ஆக்குங்கள். எந்த சாஃப்ட்வேரை விடவும் அது பலன் தரும்.

கோடிங் இல்லாமல் முடியுமா என்றால், எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் இல்லாமல் முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் வேறு. போனில் மெனுவைத் திறந்து மூடுவது, படிவத்தில் போன் நம்பர் பத்து இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவு தெரிந்தால் டிசைனருக்குப் போதும். ரியாக்ட் மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகள் அது இது என்று போவதென்றால் அது ஃப்ரன்ட்எண்ட் டெவலப்பர் வேலை. போகலாம், சம்பாதிக்கலாம், ஆனால் ஜாவாஸ்கிரிப்டை முழுசாகப் படித்த பிறகு. பி.காம்.காரருக்கு இதெல்லாம் வருமா என்று சந்தேகப்படாதீர்கள். லெட்ஜர் டேலி ஆகாதபோது எந்த வரியில் இடறியது என்று பொறுமையாகத் தேடியிருப்பீர்களே, இங்கே தேவைப்படுவதும் அதே குணம்தான்.

ஏஐயிடம் கேட்டால் முழுப் பக்கத்தையும் அதுவே எழுதித் தருகிறதே என்பீர்கள். தரும். மெஸ்ஸுக்கு ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள், பளபளவென்று வரும். பிறகு மேலே சொன்னவற்றை வைத்து அதைச் சோதியுங்கள். விலைப்பட்டியல் டேபிளா டிவ்வா, மொழிக் குறி என்ன, சாம்பல் எழுத்தின் எண் எவ்வளவு, தமிழ் போட்டால் பட்டன் தாங்குகிறதா. குறை கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்தவருக்கு அது நல்ல உதவியாள். தெரியாதவர் அது கொடுத்ததை அப்படியே கிளையன்டிடம் நீட்ட வேண்டியதுதான். முதல் இரண்டு பக்கங்களை மட்டுமாவது அதன் துணை இல்லாமல் கையால் எழுதுங்கள்.

வேர்ட்பிரஸ்ஸுக்கு வருகிறேன். உலகத்து சைட்டுகளில் பத்தில் நாலுக்கு மேல் அதில் ஓடுகின்றன. சொந்தமாக ஆர்டர் பிடிக்கப்போகிறீர்கள் என்றால் தவிர்க்க முடியாது. செய்தி, விலை, போட்டோ அடிக்கடி மாறுகிற கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் உங்களைக் கூப்பிடாமல் தானே மாற்றிக்கொள்ள அது வசதி. ஆனால் ரெடிமேட் தோற்றமான தீமை வாங்கி, கூடுதல் வசதி தரும் பிளகின் மேல் பிளகின் போட்டு, இழுத்து வைத்துப் பக்கம் கட்டுகிறவர்கள் ஓரிடத்தில் சிக்கிக்கொள்வார்கள். தலைப்புக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளியைக் குறைக்கச் சொன்னால் எந்தப் பட்டனும் கைகொடுக்காது. சிஎஸ்எஸ் தெரிந்தவர் டெவ்டூல்ஸில் பார்த்து இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார். அதனால் நாலைந்து மாதம் கழித்து வேர்ட்பிரஸ். வேலை இல்லாத பிளகின்களை நீக்கி, மிச்சத்தை அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். பராமரிக்காத வேர்ட்பிரஸ் சைட்டில் திருடன் புகுவது பெரும்பாலும் பழைய பிளகின் வழியாகத்தான். மெஸ் மாதிரி வருஷத்துக்கு இரண்டு தடவை விலை மட்டும் மாறுகிற இடத்துக்கு வேர்ட்பிரஸ்ஸே வேண்டாம், வெறும் எச்டிஎம்எல் பக்கம் போதும். அதில் புகுந்து திருட ஒன்றும் இல்லை.

பக்கத்தை ஏற்றுவதற்கு கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் மூன்றில் எதுவும் இலவசம். கிட்ஹப் என்றால் கூடவே, கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் கொஞ்சம் பழகிவிடும், அது வேலைக்கும் உதவும். முதல் தடவை ஏற்றியதும் பெரும்பாலும் படங்கள் மட்டும் தெரியாமல் போகும். லேப்டாப்பில் நன்றாகத்தானே தெரிந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஃபைல் பெயரைப் பாருங்கள். கேமரா கொடுத்த பெயரில் கடைசி மூன்று எழுத்து பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் கோடில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சர்வரில் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு. ஃபைல் பெயர்கள் எல்லாம் சின்ன ஆங்கில எழுத்தில், நடுவே இடம் விடாமல் இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

முதல் கிளையன்ட் வந்தபின், சைட்டின் முகவரிப் பெயரான டொமைனை அவர் பெயரில், அவருடைய இமெயிலில், அவர் கார்டிலேயே வாங்கிக் கொடுங்கள். உங்களுக்குச் சுலபம் என்று உங்கள் கணக்கில் வாங்கினால், வருஷா வருஷம் புதுப்பிக்கிற பொறுப்பு உங்கள் தலையில் விழும். நீங்கள் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டால் அவருடைய கடைப் பெயர் உங்களிடம் சிக்கிக்கொண்டதாக அவர் நினைப்பார், நியாயம்தான். பாஸ்வேர்டுகளையும் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் ஒரு தாளில் தமிழில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.